ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிட்னிக்கு வந்த முதல் மாதத்திலேயே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்: "சைல்ட்கேர் படி, உடனே வேலை கிடைக்கும்." அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எட்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய சர்ட் த்ரீ என்கிற முதல் நிலைப் படிப்பு எனக்குப் பதினைந்து மாதம் இழுத்தது. பாடத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. முதலில் பணம் கட்டினேன், அப்புறம் கல்லூரியைப் பற்றி விசாரித்தேன், கடைசியாகப் பிளேஸ்மென்ட், அதாவது ஒரு சைல்ட்கேர் மையத்தில் நேரில் பயிற்சி எடுக்க இடம், தேடினேன். மூன்றையும் தலைகீழாகச் செய்திருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்தச் சரியான வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் இருப்பது நியூ சவுத் வேல்ஸில். மற்ற மாநிலங்களில் மாறுகிற இடம் வந்தால் அங்கேயே சொல்கிறேன்.

1. எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று படிகள். சர்ட்டிபிகேட் த்ரீ (எல்லாரும் சொல்வது சர்ட் த்ரீ), டிப்ளமா, அப்புறம் பட்டப்படிப்பு. சர்ட் த்ரீ முடித்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஜுகேட்டர். டிப்ளமா முடித்தால் ஓர் அறையின் பொறுப்பை ஏற்கும் ரூம் லீடராகலாம். பட்டம் இருந்தால் குழந்தைப் பருவ ஆசிரியர்.

நேராக டிப்ளமாவில் குதிக்க முடியாது. அதில் சேரவே சர்ட் த்ரீ வேண்டும். குறியீட்டையும் பாருங்கள். இப்போதைய சர்ட் த்ரீயின் குறியீடு சிஎச்சி30121, டிப்ளமாவுக்கு சிஎச்சி50121. யாராவது 30113 என்று முடிகிற பழைய குறியீட்டைப் போட்டு "குறைந்த விலையில் சேருங்கள்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆள் தேவை இருப்பதற்குக் காரணம் சட்டம்தான். இரண்டு வயதுக்குள் உள்ள நான்கு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். இரண்டிலிருந்து மூன்று வயது வரை ஐந்துக்கு ஒருவர் (விக்டோரியாவில் அதற்கும் நான்குதான்). அதற்கு மேல் நியூ சவுத் வேல்ஸில் பத்துக்கு ஒருவர், விக்டோரியா, குயின்ஸ்லாந்து போன்ற இடங்களில் பதினொன்றுக்கு ஒருவர். இப்படிக் கணக்கில் வருகிறவர்களில் பாதிப் பேராவது டிப்ளமா முடித்தவராக, அல்லது படித்துக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். அதனால்தான் டிப்ளமா இருப்பவரை மையங்கள் விடுவதில்லை.

ஊரில் ஆசிரியராக இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். பி.எட். இருக்கிறதே, இங்கே அதை வைத்தே வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். இங்கே கேட்பது பிறந்த நாளிலிருந்து ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கான பயிற்சி. உயர்நிலைப் பள்ளிக்கான பி.எட். அதில் சேராது. சிறு குழந்தைகளுக்கென்றே ஆசிரியர் பயிற்சி முடித்தவராக இருந்தால், முதலில் அசெக்வா என்கிற தேசிய அமைப்பிடம் உங்கள் படிப்பை மதிப்பிட விண்ணப்பியுங்கள். மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட விவரமும் ஆங்கிலத்தில் தேவைப்படும். பல்கலைக்கழகத்திலிருந்து அதை வாங்க ஊரில் ஓர் ஆள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். இப்போதே சொல்லி வையுங்கள்.

2. உங்கள் விசா எவ்வளவு செலவு வைக்கும் என்று பாருங்கள்

ஒரே படிப்பு, ஒரே வகுப்பறை. பக்கத்தில் இருப்பவர் ஒரு காசு கட்டியிருக்க மாட்டார், நீங்கள் ஆயிரக்கணக்கில் கட்டியிருப்பீர்கள். எல்லாம் விசாவைப் பொறுத்தது.

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால், முதலில் டேஃப் என்கிற அரசுக் கல்லூரியில் கட்டணமில்லா இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சைல்ட்கேர் அந்தத் திட்டத்தில் இருக்கிற படிப்பு. இடங்கள் அளவாகத்தான் இருக்கும். சேர்க்கை திறந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் மாநில அரசு மானியம் பெறும் தனியார் கல்லூரிகள் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் அதன் பெயர் ஸ்மார்ட் அண்ட் ஸ்கில்டு, விக்டோரியாவில் ஸ்கில்ஸ் ஃபர்ஸ்ட்.

இந்தத் தகுதி எனக்கு இருந்தது, ஆனால் தெரியாது. முழுக் கட்டணம் கட்டிய பிறகு ரயிலில் ஓர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை.

டிப்ளமாவுக்கு அரசு மாணவர் கடன் இருக்கிறது என்பார்கள். அது பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கு. வெறும் நிரந்தர வசிப்புரிமையை நம்பி அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

மாணவர் விசாவில் இருந்தால் கட்டணமில்லா இடம் கிடையாது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற படிப்பாக, அதாவது கிரிகோஸ் எண் உள்ளதாக இருக்க வேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவான பிளேஸ்மென்ட் இந்த 48-இல் சேராது. இது தெரியாமல் பிளேஸ்மென்ட் நாட்களில் கடை வேலையை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்த பையன் ஒருவனைத் தெரியும்.

3. பெயரைச் சரி செய்யுங்கள்

இது நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி.

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர். இங்கே வந்ததும் வங்கியில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி. கல்லூரியில் சேர யுஎஸ்ஐ என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடம் கொண்ட மாணவர் அடையாளம் எடுக்க வேண்டும் (இலவசம், இணையத்தில் சில நிமிட வேலை). அது இல்லாமல் சான்றிதழே தர மாட்டார்கள். அது உங்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் நகராது.

எனக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். யுஎஸ்ஐயில் ஒற்றைப் பெயர் என்றே பதிந்தேன். குழந்தைகளோடு வேலை செய்வதற்கான சான்றுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதே என்று கணவர் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டேன். பிளேஸ்மென்ட் முதல் நாள் காலை ஏழரை மணிக்கு மையத்தின் டைரக்டர் அந்தச் சான்றின் எண்ணையும் குடும்பப் பெயரையும் பிறந்த தேதியையும் கணினியில் தட்டினார். அவர் தட்டியது கல்லூரிக் கடிதத்தில் இருந்த பெயரை. பதிவே இல்லை என்றது கணினி. திரும்பி பஸ் ஏறினேன்.

அதனால் எதைத் தொடங்கும் முன்பும் விசா விவரத்தைக் காட்டும் வேவோ என்கிற அரசுத் தளத்தில் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதையே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள். பழைய பெயர்களைக் கேட்கும் கட்டத்தில் கல்யாணத்துக்கு முந்தைய பெயரை மறைக்காமல் எழுதுங்கள். பெயர் மாற்றத்துக்கான சான்றை, திருமணப் பதிவாக இருந்தாலும் சரி, கையில் வையுங்கள். தமிழில் இருந்தால் நாட்டி என்கிற தேசிய அமைப்பின் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி வையுங்கள்.

4. கல்லூரிக்கு முன் மையத்தைத் தேடுங்கள்

சர்ட் த்ரீக்குக் குறைந்தது 160 மணி நேரம், டிப்ளமாவுக்கு 280 மணி நேரம் ஒரு நிஜ மையத்தில் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில், உரிமம் பெற்ற மையத்தில். பாடமெல்லாம் முடித்தும் இந்த 160 கிடைக்காமல் சான்றிதழ் வாங்காதவர்கள் இருக்கிறார்கள். "பிளேஸ்மென்ட் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது என் கல்லூரி. நான்கு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய மையங்களைப் பட்டியல் போடுங்கள். நேரில் போங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராது. போகும் நேரமும் முக்கியம்: காலையில் குழந்தைகளை விடுகிற நேரத்திலும் மாலையில் அழைத்துப் போகிற நேரத்திலும் டைரக்டருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மதியம் ஒரு மணிக்குக் குழந்தைகள் தூங்கும் நேரம்தான் நல்லது. ஒரு பக்க ரெஸ்யூமே, எந்தெந்த நாள் வர முடியும் என்கிற குறிப்பு, போதும். நான் பதினோரு மையத்தில் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள்.

மூன்று வயதுக்கு மேல் மட்டும் எடுக்கும் ப்ரீஸ்கூலை மட்டும் நம்பாதீர்கள். கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் பாடம் கட்டாயம் உண்டு. அதற்குக் கைக்குழந்தைகள் அறையில் வேலை செய்து காட்ட வேண்டும். பல ப்ரீஸ்கூல்கள் பள்ளி விடுமுறையில் மூடியும்விடும். உங்கள் மணிக்கணக்கு அங்கேயே நிற்கும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் லாங் டே கேர் மையம் பாதுகாப்பு.

இன்னொரு வழி, உண்மையில் எல்லாவற்றிலும் நல்ல வழி: டிரெய்னியாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். சர்ட் த்ரீயில் சேர்ந்து, படிப்பைத் தொடங்கி, ஒழுங்காக முன்னேறிக்கொண்டிருப்பவரை மையம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. வேலை செய்துகொண்டே மணி நேரமும் ஓடும். நான் இதைக் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்று தெரியாது.

5. இப்போது கல்லூரி

டிரெய்னிங் டாட் கவ் டாட் ஏயு தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா, நீங்கள் சேரும் குறியீடு அவர்கள் பட்டியலில் இருக்கிறதா, கட்டுப்பாடுகள் ஏதும் விதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். "மூன்று வாரத்தில் சான்றிதழ், பிளேஸ்மென்ட் தேவையில்லை" என்று வாட்ஸாப்பில் வருவதைத் தொடாதீர்கள். 2024 இறுதியில் ஒழுங்குமுறை அமைப்பான அஸ்க்வா சில கல்லூரிகள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்தது. சைல்ட்கேர் சான்றிதழ்களும் அதில் இருந்தன. பணமும் போய், இருந்த வேலையும் போகிற நிலைமை.

கேட்க வேண்டிய கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். பிளேஸ்மென்ட் இடத்தை யார் தேடுவது? நானே கண்டுபிடித்த மையத்தை ஏற்பீர்களா? மதிப்பீட்டாளர் நேரில் வருவாரா, எத்தனை முறை? பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? காலம் நீண்டால் கூடுதல் கட்டணமா? கடைசிக் கேள்வியை நான் கேட்காததால் நீட்டிப்புக்கு 350 டாலர் தனியாகக் கட்டினேன்.

முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

சேரும்போது ஆங்கிலமும் எளிய கணக்கும் சோதிப்பார்கள். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

6. சான்றுகள், முதலுதவி, தடுப்பூசி

குழந்தைகளோடு வேலை செய்வதற்கான சான்று இல்லாமல் மையத்துக்குள் கால் வைக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸில் இணையத்தில் விண்ணப்பித்து அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும். மாணவராகப் பிளேஸ்மென்ட் போகிறவருக்குத் தன்னார்வலர் வகை போதும், அது இலவசம். சம்பள வேலையில் சேரும்போது கட்டணம் கட்டிச் சம்பள வகைக்கு மாற்ற வேண்டும். ஐந்து வருடம் செல்லும். குயின்ஸ்லாந்தில் இதற்குப் பெயர் ப்ளூ கார்டு, மூன்று வருடம். அட்டை கைக்கு வராமல் வேலை தொடங்கவே கூடாது. வடக்கு ஆட்சிப் பகுதியில் ஓக்கர் கார்டு. மாநிலம் மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். சிலருக்கு இரண்டு நாளில் வரும், சிலருக்கு வாரக் கணக்கில் இழுக்கும், அதனால் இடம் உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

முதலுதவியில் சாதாரண வகுப்பு செல்லாது. கல்வி, குழந்தைப் பராமரிப்பு இடங்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது, குறியீடு எச்எல்டிஏஐடி012. ஆஸ்துமாவும் கடும் ஒவ்வாமையும் அதிலேயே அடக்கம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை முழுவதும், வருடத்துக்கு ஒரு முறை சிபிஆர் (மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்திக் காற்று ஊதுவது) மட்டும் புதுப்பிக்க வேண்டும். இணையத்தில் பாதி, நேரில் ஒரு நாள். தரையில் முழங்காலிட்டு, பெரியவர் பொம்மைக்கு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் சிபிஆர் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு நிமிடத்திலேயே எனக்குத் தோள் எரிந்தது. சேலை கட்டிக்கொண்டு போகாதீர்கள், முழங்கால் வலி இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். என்னிடம் 130 டாலர் வாங்கினார்கள்.

தடுப்பூசிப் பதிவைப் பல மையங்கள் கேட்கும்: தட்டம்மை வகை, கக்குவான், ஃப்ளூ காய்ச்சல், ஹெபடைடிஸ் ஏ. சின்ன வயது அட்டை தொலைந்திருந்தால் குடும்ப மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையோ மறுபடி ஊசியோ கேளுங்கள். ஹெபடைடிஸ் ஏ ஊசியின் இரண்டு தவணைகளுக்கும் நடுவே பல மாத இடைவெளி உண்டு, அதனால் முதல் தவணையைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள்.

அப்புறம் விரல் மூடிய காலணி, அகலமான தொப்பி. வெயிலில் தொப்பி இல்லாத பெரியவரை வெளியே விட மாட்டார்கள்.

7. அந்த 160 மணி நேரம்

கணக்கை முதலில் போடுங்கள். ஒன்பதிலிருந்து ஐந்து வரை இருந்தால் எட்டு மணி நேரம் அல்ல. சாப்பாட்டு இடைவேளை அரை மணி கழியும், ஏழரைதான். 160-ஐ ஏழரையால் வகுத்தால் 22 நாள். வாரம் இரண்டு நாள் போனால் பதினொரு வாரம், நீங்கள் ஒரு நாள்கூட நோயில் விழாவிட்டால். விழுவீர்கள். முதல் குளிர்காலத்தில் குழந்தைகளின் சளி மொத்தமும் உங்களுக்கு வரும். மூன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில் சூப்பர்வைசரிடம் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்குங்கள். நான் மூன்று வாரத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். என் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர் தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. ஆறு நாள், 45 மணி நேரம், மறுபடி முதலிலிருந்து.

உங்களைத் தனியாகக் குழந்தைகளோடு விட்டுவிட்டு யாராவது வெளியே போனால் உடனே சொல்லுங்கள். பிளேஸ்மென்ட் மாணவர் ஆள் பற்றாக்குறைக்கு மாற்று அல்ல. உங்கள் கைபேசி பையிலேயே இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று குழந்தையைப் படம் எடுத்தால் அன்றோடு பிளேஸ்மென்ட் முடிந்தது.

நாப்பி (டயப்பர்) மாற்றுவதைக் கண்டு பயந்தேன், அது ஒரே நாளில் வந்துவிட்டது: சுவரில் ஒட்டியிருக்கும் வரிசைப்படி கையுறை, காகிதம், ஒரு கை எப்போதும் குழந்தை மேல், குழந்தையின் கையையும் கழுவுவது, மேடையைத் துடைப்பது, நேரத்தைக் குறிப்பது. தூங்க வைப்பதும் அப்படித்தான். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், முகம் மூடக் கூடாது, குறித்த இடைவெளியில் மூச்சைப் பார்த்துக் கையெழுத்து.

எனக்கு வராதது சாப்பாட்டு நேரம். இரண்டு வயது அறை, முதல் வாரம். ஒரு பையன் பாஸ்தாவைக் கரண்டியில் எடுக்க எடுக்க வழுக்கி மடியில் விழுந்துகொண்டிருந்தது. என் கை தானாகப் போய் கரண்டியை வாங்கிவிட்டது. "ஆ... ஒரு வாய்" என்று ஊட்ட ஆரம்பித்தேன். அவனும் சந்தோஷமாக வாயைத் திறந்தான். ரூம் லீடர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கரண்டியை அவன் கையிலேயே திரும்ப வைத்தார். "சட்டை அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார், அவ்வளவுதான். அவன் ஒரு பாஸ்தாவை வாய்க்குக் கொண்டுபோக ஒரு நிமிடம் ஆனது. கையைக் கட்டிக்கொண்டு அந்த ஒரு நிமிடம் சும்மா இருப்பதுதான் எனக்கு இந்தப் படிப்பிலேயே கஷ்டமான பாடம். கன்னத்தைக் கிள்ளுவது, முத்தம் கொடுப்பது, அழுதால் உடனே தூக்கிக்கொண்டு நடப்பது, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அடுத்தது குறிப்பு எழுதுவது. "நன்றாக விளையாடினான்" என்று நான் எழுதியது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பார்த்ததை எழுத வேண்டும்: "நான்கு கட்டைகளை இடது கையால் அடுக்கினான். ஐந்தாவது விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மறுபடி பெரிய கட்டையை அடியில் வைத்துத் தொடங்கினான்." அதன் பிறகுதான், தேசியக் கற்றல் சட்டகத்தின் ஐந்து இலக்குகளில் இது எதில் வருகிறது என்று இரண்டு வரி. பயிற்சி ஏட்டில் குழந்தையின் பெயர் வேண்டாம், முதல் எழுத்து போதும்.

தமிழ் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம். வீட்டு மொழியை அந்தச் சட்டகமே வரவேற்கிறது. புதிதாகச் சேர்ந்து நாள் முழுக்க அழுத ஒரு தமிழ்க் குழந்தையிடம் "அம்மா சாயங்காலம் வருவாங்க கண்ணா" என்றேன். அழுகை நிற்கவில்லை, ஆனால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதுவே முன்னேற்றம் என்றார் ரூம் லீடர்.

8. வேலையில் சேரும் வாரம்

பிளேஸ்மென்ட் நடந்த இடத்திலேயே கேளுங்கள். பலருக்கு வேலை அங்கேதான் அமைகிறது. எனக்கும் அப்படித்தான். கேஷுவல், அதாவது தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் வேலை, என்றால் மணிக்குக் கூடுதல் தொகை வரும், சம்பளத்தோடு விடுப்பு வராது. சம்பளம் சில்ட்ரன்ஸ் சர்வீசஸ் அவார்டுக்குக் கீழே, அதாவது இந்தத் துறைக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே, போகக்கூடாது. அரசின் ஊதிய உயர்வு நிதியில் மையம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சேர்ந்த மையங்கள் 2024 டிசம்பரிலிருந்து அவார்டுக்கு மேல் 10 சதவீதமும், 2025 டிசம்பரிலிருந்து மொத்தம் 15 சதவீதமும் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. "ஒரு வாரம் சும்மா வந்து காட்டுங்கள், பிறகு பார்ப்போம்" என்பவர்களிடம் சான்றிதழ் கையில் இருக்கும்போது போக வேண்டிய அவசியமே இல்லை.

முதல் நாளைக்கு முன் செய்ய வேண்டியவை: தன்னார்வலர் சான்றைச் சம்பள வகைக்கு மாற்றுவது, வரி எண் எடுப்பது (இலவசம், பணம் கேட்கும் தளங்கள் வேறு யாருடையவோ), சூப்பர் என்கிற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கின் எண்ணைத் தயாராக வைப்பது. சிபிஆர் முடியும் தேதியைக் கைபேசியில் இரண்டு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். அது காலாவதியான அன்று உங்கள் பெயர் ரோஸ்டரில் (வேலை அட்டவணையில்) இருக்காது.